ஆயாக் கொட்டகைக்காக நடந்தது

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் ஒரே ஒருமுறை ஊர்வலம் போனார்கள். மலாய் நாட்டில், ரிங்லெட் ஊருக்கு மேலே இருந்த தோட்டம். எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது. நாலாம் வகுப்பு.

விஷயம் பெரிதில்லை. தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது சின்னக் குழந்தைகளை விட்டுப்போக ஆயாக் கொட்டகை ஒன்று இருந்தது. பார்த்துக்கொண்ட ஆயா, மகன் வீட்டோடு இருக்கத் தாப்பா டவுனுக்குப் போய்விட்டார். நிர்வாகம் வேறு ஆள் போடவில்லை. கொட்டகையில் உரமூட்டை அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். அதனால் நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசையான லயத்தில் வீட்டுக்கொரு பெண்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது. நானும் வாரத்தில் மூன்று நாள் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். வாத்தியார் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். மூன்றாம் தடவை அவரே வந்தார். இப்படியே போனால் பெயரை எடுத்துவிடுவோம் என்றார்.

அதற்குப் பிறகுதான் அம்மாவும் சித்தியும் வீடு வீடாகப் போய் ஊர்வலத்துக்குப் பெண்களைச் சேர்த்தார்கள்.

அப்பாவுக்குப் பயம். "போலீஸ் வரும். லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவான்."

"புள்ளையத் தூக்கிட்டு நடந்தா எந்தப் போலீஸ்காரன் புடிப்பான்லா?" என்றாள் அம்மா.

திட்டம் இதுதான். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு நடப்பது. வாசலில் இறக்கிவிட்டு அப்படியே மலைக்கு வேலைக்குப் போய்விடுவது. குழந்தைகள் அழும். உள்ளே மேனேஜர் துரையால் உட்கார முடியாது. ஆயா போட்டுவிடுவார். இதைப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. அழுகைக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள். என்னிடம் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "தங்கச்சிய ஆபீஸ் படியில உக்கார வச்சிட்டு நீ பள்ளிக்கூடத்துக்கு ஓடிரு."

காலையில் பனி மூடிக்கிடந்தது. பள்ளிப் பிள்ளைகள் உடுப்போடு முன்னால். முதுகில் கூடையும் இடுப்பில் குழந்தையுமாகப் பெண்கள் பின்னால். கொடி இல்லை, கோஷம் இல்லை. லயத்து நாய்கள் நாலு கூட வந்தன. மெயின் ரோட்டில் திரிங்காப் ஊர்க் காய்கறி லோரி ஒன்று ஓரம் கட்டியது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்னாக்கா, திருவிழாவா?"

"ஆமா. துரைதான் சாமி. எறங்கி வந்து சூடம் கொளுத்து!" என்றாள் சித்தி.

ஆபீஸ் வாசலில் கணக்கெழுதும் கிராணி பேனாவும் கையுமாக வந்து நின்றார். பெண்கள் குழந்தைகளை வராந்தாவில் வரிசையாக இறக்கிவிட்டார்கள். பன்னிரண்டு குழந்தைகள்.

"ஏம்மா, நான் பேர் எழுதுறதா, பீ அள்ளுறதா?" என்றார்.

"ஆயா வர்ற வரைக்கும் ரெண்டுந்தான்" என்றாள் அம்மா. திரும்பிப் பார்க்காமல் மலையேறினாள்.

பள்ளிக்கூடம் ஆபீசைத் தாண்டி இருந்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். நானும் வளைவு வரை போனேன். அதற்குள் பின்னால் ஒன்று அழ ஆரம்பித்தது. பிறகு பன்னிரண்டும்.

ஆபீஸ் பக்கம் சத்தம் போடக்கூடாது என்றுதான் எங்களை வளர்த்திருந்தார்கள். அப்பாகூட அந்த வாசலைக் கடக்கும்போது இருமலை அடக்கிக்கொள்வார். அந்த அழுகையில் உரத்த குரல் தங்கச்சியுடையது. அம்மாவுக்குத்தான் கெட்ட பெயர் என்று நினைத்தேன். திரும்பி வந்தேன்.

வராந்தாவை ஒட்டிக் கொழுந்து நிறுக்கும் தராசு தொங்கியது. தங்கச்சியைப் போர்த்தியிருந்த கைலியை அதன் கொக்கியில் கட்டித் தூளியாக்கினேன். சித்தியின் கைக்குழந்தையைப் போட்டு ஆட்டினேன். தராசு முள் போய்ப் போய் வந்தது. நடக்கிற குழந்தைகள் அதைப் பார்த்துச் சிரித்தன. இரண்டைக் காலில் போட்டுத் தட்டினேன். என் பள்ளிச் சோற்றைப் பிசைந்து ஆளுக்கொரு உருண்டை கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் வராந்தா அமைதியாகிவிட்டது.

துரை வெளியே வந்து பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "பாண்டாய்" என்றார். மலாயில் கெட்டிக்காரி என்று அர்த்தம். துரை என்னிடம் பேசிய ஒரே வார்த்தை அது. எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. துரை உள்ளே போய்க் கிராணியிடம் ஏதோ சொன்னார்.

கொழுந்து நிறுக்கப் பெண்கள் இறங்கி வந்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே சித்தி காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"என்னடி இது, ஒரு சத்தத்தையும் காணோம்?"

என்னைப் பார்த்ததும் அம்மா கூடையோடு நின்றுவிட்டாள்.

கிராணி சிரித்தார். "ஒங்க குறை தீந்துச்சு. நாளைக்குக் கொட்டகையத் தொறந்துர்றோம். ஆளும் போட்டாச்சு." பேனாவால் என்னைக் காட்டினார்.

"அவ பள்ளிக்கூடம் போற புள்ள" என்றாள் அம்மா.

"இன்னைக்குப் போகலையே?"

அம்மா மற்றப் பெண்களைப் பார்த்தாள். ஒருத்தி தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டினாள். ஒருத்தி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி தூளிக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் குழந்தை நல்ல தூக்கத்தில் இருந்தது.

"புள்ளைங்களுக்கும் அவளப் பழக்கந்தானேக்கா" என்றாள் சித்தி, மெதுவாக.

தூளியை அவிழ்த்தால்தான் கொழுந்து நிறுக்கலாம். நான்தான் அவிழ்த்தேன்.

மறுநாள் உரமூட்டைகளை இறக்கினார்கள். கல்யாணம் ஆகிற வரைக்கும் அந்தக் கொட்டகையில் நான் குழந்தை பார்த்தேன். வாத்தியார் பிறகு வரவில்லை.

ஊர்வலம் போன அன்று சாயங்காலம் லயத்துக்குத் திரும்பும்போது தங்கச்சி அம்மாவின் இடுப்பில் தூங்கிவிட்டாள். நான் பக்கத்தில் நடந்தேன். அம்மா என்ன சொல்லுவாள் என்று காத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் நானே சொன்னேன்.

"ஒருத்தரையும் அழ விடலம்மா நான்."

"பாத்தேன்" என்றாள்.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பன்னிரண்டு குழந்தைகளில் எது பசிக்கு அழுகிறது, எது தூக்கத்துக்கு அழுகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா எதற்கு அழுகிறாள் என்று தெரியவில்லை.