வராத படிவமும் ரிமைண்டர் அக்காவும்

எங்கள் புள்ளிவிவர அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரிமைண்டர் அக்கா என்பார்கள். வெளிநாட்டு முதலீடு பெற்ற கம்பெனிகள் ஆண்டுக்கொரு முறை எங்களுக்கு ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் போடுவதும், அதற்கும் மசியாதவர்களைப் போனில் பிடிப்பதும் அக்காவின் வேலை. பத்தொன்பது வருடமாக.

அந்நிய முதலீடு என்றால் பங்கு வாங்குவது மட்டும்தான் என்று கல்லூரியில் சேரும்வரை நானும் நினைத்திருந்தேன். கடல் தாண்டி இருக்கும் தாய் நிறுவனம், இங்கே இருக்கும் தன் கம்பெனிக்குக் கடனாகவும் கொடுக்கும், வட்டியும் வாங்கிக்கொள்ளும். "பெத்தவளே பிள்ளைக்கு வட்டிக்கு விடுறா. நல்ல குடும்பம்!" என்பார் அக்கா. அந்தக் கடன் பாக்கிதான் படிவத்தின் ஆறாவது கட்டம். எல்லாப் படிவங்களின் ஆறாவது கட்டத்தையும் கூட்டினால் நாட்டின் அட்டவணையில் ஒரு வரி. ஆறு ஆண்டுகளாக ஏறிக்கொண்டே வந்த வரி, இந்த ஆண்டு மூன்றில் ஒரு பங்கு சரிந்திருந்தது.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சரிவைக் கண்டதும் கை சும்மா இருக்குமா? "நம் நிறுவனங்கள் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கிவிட்டன" என்று அறிக்கைக்கு ஒரு வாக்கியம் எழுதி, இரண்டு முறை படித்து மகிழ்ந்து, எதிர் மேசையில் இருந்த அக்காவிடம் நீட்டினேன்.

"குறையல தம்பி. இருக்கிறதுலயே பெரிய கடன் பம்ப் கம்பெனியோடது, அவங்க ஃபார்ம் வரல. காலியா இருந்தா கம்ப்யூட்டர் சைபர் போட்டுக்குது. அவ்வளவுதான்."

"மூணு ரிமைண்டர் போயிருக்கே அக்கா. கடன் இல்லாததாலதான் அனுப்பலையோ என்னவோ."

"அங்க இருக்கிற அக்கவுண்டன்ட் சார் அப்படிப்பட்டவரு இல்ல" என்றார். குரல் சற்று இறங்கியிருந்தது.

அந்தக் கணக்காளரை அக்கா பார்த்ததே இல்லை. பதினொரு வருடப் பழக்கமும் போனில்தான். ஆறாவது கட்டத்துக்கு அவர் பேரேட்டில் பல பக்கங்கள் தேட வேண்டியிருக்கும். "இருங்கம்மா, பக்கத்தைப் புரட்டுறேன்" என்பார். அந்தப் புரட்டலுக்கு நடுவில்தான் எல்லாப் பேச்சும். அவருடைய முழங்கால் வலி, மகளின் பரீட்சை, அக்காவின் அம்மா படுக்கையில் விழுந்தது, பிறகு இறந்தது. எங்கள் மாடியில் எவருக்கும் தெரியாததெல்லாம் அந்தப் பேரேட்டுக்குத் தெரியும். இப்போது அந்த எண் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அட்டவணைய மூடுறேன். வராதது வராததுதான்" என்றார் பிரிவு அதிகாரி.

புதன்கிழமை அக்கா அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்தார். என் வாக்கியத்தைக் காப்பாற்றிவிடலாம் என்ற ஆசையில் நானும் கிளம்பினேன். இரண்டு பஸ் மாறிப் போனோம். வழியில் அக்கா தலையை இருமுறை வாரிக்கொண்டார்.

கம்பெனி வாசலில் காவலாளி பதிவேட்டை நீட்டினார். "யாரப் பாக்கணும்?"

"அக்கவுண்டன்ட் சார."

"அவரு போயி அஞ்சு மாசமாச்சேம்மா."

அக்காவின் கை கேட் கம்பியைப் பிடித்தது.

"அட, நல்லாத்தான் இருக்காரு! வேலைக்குத்தான் வேணாம்னுட்டாங்க. கணக்கெல்லாம் இப்ப வெளிநாட்டுல இருந்தே பாக்குறாங்களாம். நம்ம கேட்டையும் அங்கருந்தே பூட்டிக்குவாங்களோ என்னவோ" என்று சிரித்தவர், மேசை இழுப்பறையிலிருந்து மூன்று உறைகளை எடுத்தார். "இது அவரு பேருக்கு வந்துச்சு. யாருகிட்ட குடுக்கிறதுன்னு தெரியல."

மூன்றிலும் அக்காவின் கையெழுத்து. ஒன்றும் பிரிக்கப்படவில்லை.

மேலாளர் நல்ல மனிதர். கம்ப்யூட்டரைத் தட்டிப் பதினைந்து நிமிடத்தில் படிவத்தை நிரப்பித் தந்தார். கடன் குறையவில்லை, புது இயந்திரங்களுக்காகத் தாய் நிறுவனம் மேலும் கொடுத்திருந்தது. என் வாக்கியம் அங்கேயே செத்தது. புறப்படும்போது காவலாளி ஒரு துண்டுத் தாளில் கணக்காளரின் வீட்டு எண்ணை எழுதித் தந்தார்.

திரும்பும்போது பிடித்த மழைக்கு அக்கா வீட்டில் ஒதுங்கினோம். ஒரே அறை. அலமாரியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். நாற்காலி இரண்டு, ஒன்றின் மேல் பழைய அட்டவணைப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. நான் உட்காருவதற்காக அவற்றைக் கீழே இறக்கியபோது, நாற்காலியில் புத்தகத்தின் அளவுக்கு ஒரு சதுரம் மட்டும் நிறம் வெளுக்காமல் இருந்தது.

வெள்ளி நாலு மணிக்கு அட்டவணை மூடியது. ஆறாவது கட்டத்தின் வரி ஏறியிருந்தது. நாலேகாலுக்கு அக்கா துண்டுத் தாளைப் பிரித்து எண்ணைச் சுழற்றினார். எங்கள் பழைய போனில் எதிர்க்குரல் எனக்கும் கேட்கும்.

"சார், நான்தான். ரிமைண்டர்."

"அம்மா! என்கிட்ட இப்ப ஃபார்ம் இல்லையேம்மா."

"தெரியும் சார். அதுக்கு இல்ல."

அவர் கையில் இப்போது பேரேடு இல்லை. புரட்டப் பக்கம் இல்லை. அக்கா போன் வயரை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"நம்ம கம்பெனி ஆறாவது கட்டம் ஏறிச்சாம்மா, இறங்கிச்சா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். தனிக் கம்பெனியின் கணக்கை வெளியாளிடம் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. இப்போது அவர் வெளியாள்.

"சொல்லக்கூடாது சார்."

"ஆமாமா. ரூல் ரூல்தான்." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"மொத்தக் கணக்கு புத்தகமா வரும். அனுப்பட்டுமா?"

"எனக்கா? எனக்கு எதுக்கும்மா இனிமே..." என்றவர், சற்றுப் பொறுத்து விலாசம் சொன்னார்.

மூன்று வாரத்தில் புத்தகம் அச்சாகி வந்தது. அக்கா ஒரு பிரதியை உறையில் போட்டு விலாசம் எழுதினார். பழக்க தோஷத்தில் கை அலுவலக முத்திரையை எடுத்தது, பிறகு வைத்துவிட்டது. முத்திரை விழும் மூலையில் பேனாவால் தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதினார். இரண்டு வருடம் எதிரே உட்கார்ந்திருந்த நான் அந்தப் பெயரை அன்றுதான் படித்தேன்.

தபால்தலைக்குத் தன் பர்ஸிலிருந்து சில்லறை எண்ணி எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.