ஒரு கால் குறைந்த பேர்

காலை 6.40. பழவேற்காட்டில் பஸ் ஏறினேன். பொன்னேரிக்குப் பதினெட்டு கிலோமீட்டர், பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை. மடியில் என் மகளின் இறப்புச் சான்றிதழ். கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போனவள், அங்கேயே காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

அவள் பேர் மாரியம்மா. காகிதத்தில் மரியம்மா என்று இருக்கிறது, முதலெழுத்துக்குக் கால் இல்லை. ஆதாரோடு ஒத்துவராததால் செத்தது வேறு யாரோ என்கிறார்கள் கம்பெனியில். அதைத் திருத்தத்தான் போகிறேன். நான் பள்ளிக்கூடம் போகாதவள். ஆனாலும் இதுவரை எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை.

7.50. பொன்னேரியில் ரயில், ஐந்து ரூபாய். எதிரே எங்கள் ஊர் மரியம்பீ, ஓலைக்கூடை விற்கப் போகிறாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கள்ல மரியம். மாதா கோயில்ல மரியா. ஒல்லாந்துக்காரன் கல்லறையில கூட ஒரு மரியா படுத்துக்கினு இருக்கா, முந்நூறு வருசமா. உம்பொண்ணும் எங்ககூட சேந்துக்கட்டுமே அக்கா."

"அவளுக்கு அம்மை போட்டப்ப நேந்துக்கினு வச்ச பேருடி. யாருக்கும் குடுக்க மாட்டேன்."

கவரைப்பேட்டை தாண்டும்வரை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

10.15. கும்மிடிப்பூண்டி, பிறப்பு இறப்பு பதியும் ஆபீஸ். மேசைக்குப் பின்னால் சின்னப் பொண்ணு.

"ஒரு பேரை ஒழுங்கா எழுதத் தெரியாதா உங்களுக்கு?" என்று சத்தம் போட்டேன்.

அவள் ஃபைலைப் புரட்டி, ஆஸ்பத்திரி ஃபாரத்தை என் பக்கம் திருப்பினாள். "இது யார் எழுதினது ஆயா?"

கரை தட்டிய படகு மாதிரி சாய்ந்த ம. என் எழுத்து. அன்றைக்கு நர்ஸ் எழுத வந்தபோது, எனக்கே எழுதத் தெரியும் என்று பேனாவைப் பிடுங்கியவள் நான்.

"பரவால்ல ஆயா. கீழ சரியா எழுதிக் குடுங்க, மாத்திடலாம்."

ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரைக்கும் காகிதத்தில் செத்தவள் யாரோ ஒரு மரியம்மா. என் மகள் சாகவில்லை. ம எழுதினேன். பக்கத்தில் காலைப் போட்டேன். போட்டதும் அவள் செத்துப்போனாள்.

மாலை 4.10. திரும்பும் பஸ் பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறையைத் தாண்டியது. அந்த மரியாவின் பேரைக் கல்லில் வெட்ட எழுதிக் கொடுத்தது யாரோ. பெற்றவளாக இருந்தால், அவளும் ஏதோ ஓர் எழுத்தை விட்டிருப்பாள்.