புல்மோட்டை பஸ் நேரம்

கணவர் இறந்த சில மாதங்களுக்குப் பிறகு நான் ஒரு வலைப்பதிவு தொடங்கினேன். அவர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் அழுதபோது வாசலில் குவிந்திருந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதச் சொன்னவள் முன்பு என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்த, கிண்ணியா ஊர்ச் சிநேகிதி. தளத்தை அவளே அமைத்துத் தந்தாள். தரும்போதே சொல்லிவிட்டாள்.

"ஆக்கள் குவிவாங்க எண்டு நினைக்காதீங்க. முதல் வருஷம் நீங்களும் நானும்தான் வாசிப்பம். பிறகு வேற எதையாவது தேடிப் போறவங்க வழியில வந்து எட்டிப் பார்ப்பாங்க."

"ஓம்" என்றேன்.

அவரைப் பற்றி எழுதினேன். அவருடைய சட்டைகளில் இருந்த டீசல் மணம், சோற்றைப் பிசையாமல் சாப்பிடும் பழக்கம். பார்வையாளர் எண்ணிக்கை சிநேகிதி சொன்னபடியே இருந்தது. பல நாட்கள் பூச்சியம். அதைப் பார்த்து எனக்குக் கவலையும் வரவில்லை. பார்த்துவிட்டுக் குசினிக்குப் போய் அடுப்பைப் பற்றவைப்பேன்.

ஒருமுறை புல்மோட்டையில் இருக்கும் மச்சாளைப் பார்க்கப் போய்வந்தேன். அன்று எழுத வேறொன்றும் தோன்றாததால் பஸ் நேரங்களை எழுதி வைத்தேன். அந்தப் பக்கத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஒன்றிரண்டு பேர், பிறகு தினமும் யாராவது. அவரைப் பற்றிய பக்கங்களுக்கு அவர்களில் ஒருவரும் போகவில்லை.

அடுத்த தடவை மச்சாளிடம் போக நான் பஸ் நிலையத்தில் நின்றபோது, பெண்ணொருத்தி அங்கிருந்த நேரக்காப்பாளரோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தாள். கைக்குழந்தை தோளில் தூங்கியது.

"இதில ஆறரைக்கு பஸ் எண்டுதானே கிடக்கு?" என்று கைத்தொலைபேசியைக் காட்டினாள்.

"அது ஆரோ எழுதினது, தங்கச்சி. நாங்கள் நேரத்தை மாத்திப் போட்டம். அந்த பஸ் எப்பவோ போயிட்டுது."

அவள் கையில் இருந்தது என்னுடைய பக்கம்.

நான்தான் எழுதினேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை.

"அப்ப மாத்தி விடுங்கோ அக்கா. பாத்துத்தானே வாறம்" என்றாள்.

அடுத்த பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் போனோம். குழந்தையைச் சிறிது தூரம் நான் வைத்திருந்தேன். மச்சாள் வீட்டில் இறங்கியதும் நேரத்தைத் திருத்தினேன்.

அதன்பிறகு ஒருவர் தம்பலகாமம் பஸ் பற்றிக் கேட்டு எழுதினார். சிநேகிதியிடம் சொன்னேன்.

"ஆக்கள் கூடுது போல" என்றாள்.

"பஸ்ஸுக்குத்தான்."

"அப்பிடித்தான் வருவாங்க. நான் சொன்னன்தானே."

சனிக்கிழமை பஸ் நிலையத்துக்குப் போய் நேரக்காப்பாளரிடம் விசாரித்தேன். அவர் என்னை நினைவு வைத்திருந்தார்.

"இருங்கோ" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "கந்தளாய் பஸ்ஸும் மாறியிருக்கு. அதையும் போட்டுவிடுங்கோ. சனம் வந்து என்னோடதான் சண்டை பிடிக்குது."

அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். அப்போது சந்தோஷம் வந்ததா என்று கேட்டால் தெரியாது. பசித்தது. எதிர்க்கடையில் இரண்டு ரொட்டி வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டேன்.