ஆயர் முகம் போட்ட காசு

தீத்மாரிடம் மாடு இல்லை. உப்பு வண்டியை அவரேதான் இழுத்தார். ஹார்ஸ் மலையடிவாரத்துச் சேற்றில் இழுத்து இழுத்து வலது தோள் தாழ்ந்துபோயிருந்தது. ஒரு காளை வாங்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. நான் அடுத்த வீட்டுக்காரன். இருந்திருந்தால் காதில் விழுந்திருக்கும்.

எங்கள் ஊர்க் காசை அடிப்பவர், திருச்சபைக்கும் ஊருக்கும் தலைவரான ஆயர். வெள்ளியை இலைபோலத் தட்டி, ஒரு பக்கம் மட்டும் முத்திரை குத்துவார்கள். முன்னால் ஆயரின் முகம். திருப்பினால் அதே முகம் குழிந்து கிடக்கும். ஆயர் இறந்தால் அவர் காசும் செத்துவிடும். பழையதில் பன்னிரண்டு கொடுத்தால் புதியவர் முகத்தில் ஒன்பது கிடைக்கும். இப்படி இரண்டு ஆயர்கள் தீத்மாரின் காளையைத் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

மூன்றாமவர் படுக்கையில் விழுந்தார். மாட்டுச் சந்தைக்கு இன்னும் நாள் இருந்தது. தீத்மார் தினமும் கோயிலில் முழந்தாளிட்டார். பங்குச் சாமியார் நெகிழ்ந்துபோனார்.

"ஆயர் மேல உனக்கு இவ்வளவு பாசமா தீத்மாரு?"

"நல்லா இருக்கணும் சாமி. சந்தை முடியிற வரைக்குமாவது."

அதைப் பக்தி இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஊரில் ஆயருக்காக மனதார வேண்டிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

சந்தையன்று மாட்டுக்காரன் ருட்கர் சிரித்தான். "இந்த வருஷமாவது வாங்குவியா அண்ணே, இல்ல பல்லப் பாத்துட்டுப் போயிடுவியா?"

"இந்தக் காளைக்குக் கண்ணுல தண்ணி வடியுதே. விலையக் கொறைடா."

"உன் வண்டியப் பாத்து அழுவுறான்."

விலை படிந்தது. காசு நெளியாமல் இருக்கக் கம்பளியில் பொதிந்து வைத்திருந்ததை தீத்மார் மெதுவாகப் பிரித்தார். ருட்கர் கையை நீட்டினான். அப்போது பேராலயத்தின் பெரிய மணி அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. சந்தையே தொப்பியைக் கழற்றியது. ருட்கர் நீட்டிய கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு அந்தக் கையை நீட்டவில்லை.

"இப்பத்தானடா சரின்னே!"

"அப்ப அவரு உசுரோட இருந்தாரு அண்ணே."

வண்டியோடு திரும்பியவரை மனைவி வாசலில் பார்த்தாள். "காளை எங்க?"

"இந்தா, வண்டி இழுத்துட்டு வந்து நிக்குதே."

ஞாயிறன்று சாமியார் புதிய ஆயரின் பெயரை அறிவித்தார். வெளியே வந்ததும் எல்லோரும் அவருடைய குலத்தையும் உறவையும் விசாரித்தார்கள். தீத்மார் கூட்டம் கலையும்வரை காத்திருந்தார்.

"அவருக்கு என்ன வயசு சாமி?"

"எழுபது இருக்கும்."

மறுநாள் தீத்மார் வண்டிக் கயிற்றை இடது தோளுக்கு மாற்றிப் போட்டிருந்தார்.