ஐந்தருவியில் என் முதுகில் பதிந்த ஏழு புள்ளிகள்

பார்வையில்லாதவர்களைச் சீசனுக்குக் குற்றாலம் கூட்டிப் போகலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். போகலாம். நானே போயிருக்கிறேன், அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதம். கூட வந்தவள் என் தங்கை எஸ்தர். பிறவியிலேயே அவளுக்குப் பார்வை கிடையாது. விடுதிப் பள்ளியிலிருந்து லீவுக்கு வந்தவள், "நீ பாத்துட்டு வந்து சொல்லுதத கேட்டுக் கேட்டு அலுத்துட்டுக்கா. என் தலையிலயும் விழட்டும்" என்றாள். அப்பா முறைத்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

திருநெல்வேலியில் காலைப் பாசஞ்சரைப் பிடித்தால் பத்து மணிக்கெல்லாம் தென்காசி. அங்கிருந்து ஐந்தருவிக்கு ஆறு மைல். குதிரை வண்டிக்குப் போக வர இரண்டு ரூபாய் பேசினோம். இன்று அந்தக் காசுக்குக் குதிரை திரும்பிக்கூடப் பார்க்காது. வண்டிக்கார அண்ணாச்சி வழியெல்லாம் மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "மேல மழ கொட்டுது தாயி. தண்ணி செவந்துச்சுன்னா ஒரு நிமிசம் நிக்காதீங்க" என்றார். எஸ்தர் எப்படிச் சிவப்பைப் பார்ப்பாள் என்று அப்போதே நினைத்தேன்.

அருவிக்குள் பேச்சு எடுபடாது. அதனால் விரலால் பேசிக்கொள்வது என்று முடிவு. எஸ்தர் பள்ளியில் படித்து எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்த பிரெய்லில் ஒவ்வொரு எழுத்தும் ஆறு புள்ளிகளுக்குள் அடக்கம். இடக்கையில் மூன்று விரல், வலக்கையில் மூன்று விரல். எவற்றை முதுகில் அழுத்துகிறோமோ அதுதான் எழுத்து. 'போ' என்றால் ⠏⠕, முதலில் 'ப'வின் நான்கு புள்ளி, பிறகு 'ஓ'வின் மூன்று. இன்று கணினியிலும் இதே கணக்குதான். ஆறு புள்ளிகளுக்கும் வரிசையாக 1, 2, 4, 8, 16, 32 என்று மதிப்பு. இருக்கும் புள்ளிகளைக் கூட்டினால் 'ப'வுக்கு 15, 'ஓ'வுக்கு 21. அதோடு 10240-ஐச் சேர்த்தால் கணினிக்குள் அந்த எழுத்தின் எண் கிடைத்துவிடும். எந்தெந்தப் புள்ளி என்பது மட்டும்தான் அதில் இருக்கும். யாருடைய விரல் என்பது இருக்காது.

பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். பாறையில் முதுகைச் சாய்த்துக் கைகோத்து நின்றோம். எஸ்தர் வாயைப் பிளந்துகொண்டு சிரித்தாள். அதற்குள் யாரோ நடுவில் புகுந்து இடிக்க, அவள் கை நழுவிவிட்டது. முதுகைப் பாறையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் துழாவினேன். என் கைமேல் விழுந்த தண்ணீர் செம்மண்ணாக இருந்தது. கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. எல்லோரும் வெளியே ஓடினார்கள். அவளை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்?

அப்போது முதுகில் விரல்கள் பட்டன. நான்கு. பிறகு மூன்று. பின்னால்தான் நிற்கிறாள் என்று போன உயிர் திரும்பி வந்தது. கையைப் பின்னால் நீட்டிப் பிடித்தேன். வழவழவென்று பாறை. பாறை மட்டும்தான். மறுபடியும் அழுத்தியது, இந்த முறை வலிக்கும்படி. எப்படி வெளியே வந்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

வண்டிக்காரரின் துண்டைப் போர்த்திக்கொண்டு எஸ்தர் கரையில் நின்றிருந்தாள். கட்டிக்கொண்டு அழுதேன். நாங்கள் நின்ற இடத்தில் கல்லும் மரக்கிளையுமாக விழுந்துகொண்டிருந்தது.

"நீ முதுகுல போன்னு அழுத்துனேல்லா, அதான் நேரா நடந்து வந்துட்டேன்" என்றாள்.

நான் அழுத்தவே இல்லை. நீதானே என் முதுகில் அழுத்தினாய் என்று கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான் எங்கக்கா அழுத்துனேன்?"

அருவிக்குப் போகிறவர்கள் தண்ணீர் கலங்கினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். பார்வையில்லாதவரைக் கூட்டிப் போனால் கைகோத்தால் மட்டும் போதாது. இருவர் இடுப்பையும் ஒரு துண்டால் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில், முந்தைய வருஷங்களில் அந்த அருவித் தண்ணீரோடு போனவர்களைப் பற்றி வண்டிக்காரர் சொல்லிக்கொண்டு வந்தார். அது நம்மைக் காப்பாற்ற நினைத்தால் பிடித்துத் தள்ளியிருக்கலாமே, எதற்குப் புள்ளியில் சொல்ல வேண்டும் என்று எஸ்தரிடம் கேட்டேன். தென்காசி ஸ்டேஷனில் இறங்கும்போது அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கும் கண்ணு தெரியாதோ என்னவோக்கா. கூட வந்தவங்க கைய விட்டிருப்பாங்க."