தண்ணி விழுத குத்தாலம்

"வண்டி காட்டலையே" என்றார் ஆர்டிஓ ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர். அவருடைய இடது கை என் வேனின் முகப்பில் ஊன்றியிருந்தது. கண் வலது கையிலிருந்த டேப்லெட்டில் இருந்தது.

நான் வண்டியைப் பார்த்தேன். அவர் கையைப் பார்த்தேன். இங்கனதானே நிக்குது என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்தவர்கள் ஒன்று சொன்னால் அதற்கு எனக்குத் தெரியாத வேறு அர்த்தம் இருக்கும் என்ற பயம் அன்றிலிருந்து உண்டு.

அவரே என் முழியைப் பார்த்துவிட்டார். "வண்டின்னா வண்டி இல்லய்யா. வண்டில மாட்டிருக்க பெட்டி. அது எங்க சர்வர்ல வரல."

"லைட்டு எரியுது சார். பச்ச லைட்டு."

"எங்க வீட்டு ஃபிரிட்ஜுலயுந்தான் லைட்டு எரியுது" என்றார். பின்னால் நின்ற லோடு ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். "வெள்ளிக்கிழமையோட ஒமக்கு எஃப்சி முடியுது. அதுக்குள்ள சரி பண்ணிக் கொண்டாரும்."

அன்று செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு நான் புளியங்குடியில் ஒரு வீட்டு வாசலில் வண்டியோடு நிற்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்ப்பவர். பிள்ளை பிறந்த நாற்பதாம் நாள் விமானம் ஏறியவர், பிள்ளைக்கு நாலு வயதான பிறகு அன்றுதான் திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிறார். அவர் மனைவி ஒரு மாதத்துக்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டார். "அண்ணே, நீங்கதான் வரணும். மாமிக்கு இடுப்பு ஆப்பரேசன் பண்ணிருக்குல்லா. ஒங்க வண்டிப் படிதான் அவங்களுக்குத் தோது." வயதானவர்கள் ஏற என்று என் வேனில் ஒரு தாழ்ந்த படி தனியாக வைத்திருக்கிறேன். அந்தப் படியை நம்பி ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. எஃப்சி என்கிற தகுதிச் சான்று இல்லாத வண்டியோடு கேரள எல்லையில் புளியரை செக்போஸ்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரியாததையும் சேர்த்து நானே நிறைய நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பெட்டிக் கதையே எனக்கு முதலிலிருந்து பிடிபடவில்லை. போன வருஷம் நானாகவே ஒரு ஜிபிஎஸ் வாங்கி மாட்டியிருந்தேன். வண்டி எங்கே போனாலும் என் மனைவியின் போனில் ஒரு சின்னக் கார் படம் ஊர்ந்துகொண்டு போகும். பீடி சுற்றிக்கொண்டே அவள் என்னைக் கண்காணிப்பாள். "செங்கோட்டையில எதுக்கு இருவது நிமிசம் நின்னிய?" என்று கேட்பாள். இவ்வளவு துல்லியமான பெட்டி போதாதாம். "இது சும்மா ஜிபிஎஸ். நூத்தி நாப்பது வேணும்" என்றார்கள். ஏ.ஐ.எஸ். நூற்று நாற்பது என்பது அரசாங்கம் போட்ட விதியின் பெயர். அந்த விதிப்படி செய்து, சோதித்து, முத்திரை வாங்கிய பெட்டிதான் செல்லும். நூற்றுமுப்பத்தொன்பது வரை என்னவெல்லாம் இருந்தது, அதிலெல்லாம் நான் தவறிவிட்டேனா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தென்காசியில் ஒரு கடைக்காரர் புதுப் பெட்டியை மாட்டிக் கொடுத்தார். கூடவே சீட்டுகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் பொத்தான்கள். ஆபத்து வந்தால் பயணிகள் அழுத்த வேண்டியவை. எனக்கு அவற்றைப் பார்த்தாலே ஆபத்து வந்தது போல இருந்தது. சும்மா சாய்கிறவர்கள், சட்னிக் கையோடு பிடி தேடுகிறவர்கள், யார் கை பட்டாலும் எங்கேயோ மணி அடிக்குமே.

புதன்கிழமை காலை கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே போய் நின்றேன். அவர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். வரைபடத்தில் தென்காசி, அதில் அவர் கடைத் தெரு, தெருவில் என் வண்டி.

"அந்தா நிக்குதுல்லா" என்றார்.

"ஆபீஸ்ல நிக்கலையாம் அண்ணாச்சி."

"அது கம்பெனிக்காரன் சர்வரு, இது கவர்மெண்டு சர்வருவே. ஒம்ம பெட்டி பேசுதது கம்பெனிகிட்ட. கம்பெனி பேசணும் கவர்மெண்டுகிட்ட. இவன் சொல்லுத பேரும் நம்பரும் ஊரும் அவன் வச்சிருக்கதோட ஒத்துப்போணும். ஒரு எழுத்து இடிச்சாலும் போச்சு. சம்பந்தக்காரன் சண்ட மாதிரி, ரெண்டு பேரும் நல்லவன்தான். பேசிக்கிட மாட்டான்."

"இப்ப எந்த எழுத்து இடிக்கு?"

"அது தெரிஞ்சா நான் ஏன்வே தென்காசியில கட வச்சிருக்கேன்?"

சேஸிஸ் நம்பரைச் சரிபார்த்தோம். அதில் ஒரு வட்டம் வருகிறது. அது சைபரா, ஆங்கில எழுத்தா என்று வண்டிக்குக் கீழே படுத்து, துருவைத் துடைத்துப் பார்த்தேன். சைபர்தான். எழுந்து வந்ததும் சந்தேகம் வந்து மறுபடி படுத்தேன். பெட்டியின் நம்பர் சரி. என் பெயர் ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால். "அது பரவால்ல" என்றார். எனக்கு அது பரவாயில்லை என்று படவில்லை. அப்பா முன்னால் போவதும் பின்னால் வருவதும் ஒன்றாகுமா?

மதியம் புளியங்குடியிலிருந்து போன். "அண்ணே, சனிக்கெழம மறந்துராதிய."

"மறப்பனாம்மா" என்றேன். விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் அந்தம்மாவுக்கும் என் பயம் தொற்றும். சொல்லாவிட்டால் துரோகம். சொல்லாமலே போனை வைத்தேன்.

வியாழக்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது மனைவி என் போனை எடுத்தாள். அவள் பத்தாவது பாஸ். எனக்கு வரும் ஆங்கிலச் செய்திகளை நான் திறப்பதே இல்லை. திறந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்குமோ என்ற எண்ணம்தான். அவள் பெட்டி மாட்டிய நாளிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"ஏங்க, ஒங்க வண்டிக்கு எந்த ஊரு?"

"என்னட்டி கேக்க? நம்ம ஊருதான்."

"இதுல மயிலாடுதுறைன்னுல்லா போட்டிருக்கு."

எனக்கு மயிலாடுதுறையில் ஒருவரையும் தெரியாது. அந்தப் பக்கம் போனதும் இல்லை. என் பெயரில் அங்கே இன்னொருத்தன் இருக்கிறானா? என் வண்டியை எனக்குத் தெரியாமல் யாராவது விற்று, வாங்கியவன் மயிலாடுதுறையில் இருக்கிறானா? அப்படியானால் வாசலில் நிற்பது யாருடைய வண்டி? எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். வண்டி நின்றது. பச்சை விளக்கு எரிந்தது.

அவள் நிதானமாக வாசித்தாள். "ஊரு குத்தாலம், மாவட்டம் மயிலாடுதுறை. அங்கனயும் ஒரு குத்தாலம் இருக்கு போல."

அப்போதுதான் நினைவு வந்தது. பெட்டி மாட்டிய அன்று கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் விவரம் கேட்டாள். ஊர் எது என்றாள். எங்கள் ஊரை நாங்கள் குற்றாலம் என்று எழுதுவோம், போர்டில் அப்படித்தான் வாசிப்போம். வாயில் வருவது குத்தாலம்தான். "குத்தாலம்மா" என்றேன். "குத்தாலமா சார்?" என்று திருப்பிக் கேட்டாள். "ஆமா ஆமா" என்றேன். மாவட்டத்தை அவள் கேட்கவில்லை. பட்டியலில் குத்தாலம் என்று தொட்டதும் மாவட்டம் தானாக விழுந்திருக்கும். பிறகு வந்த ஓடிபியையும் நானே தெளிவாக, ஒவ்வொரு எண்ணாக வாசித்துக் கொடுத்தேன். திருடன் யாருமில்லை. நான்தான்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "வே, ஒம்ம வண்டி பத்து நாளா காவேரித் தண்ணியில்லா குடிச்சிட்டுக் கெடக்கு! இங்கன உள்ள ஆபீஸ்ல தேடினா எப்படிக் கெடைக்கும்? கம்பெனிக்குப் போனப் போட்டு மாத்தச் சொல்லும்."

எனக்கு அப்போதும் ஒன்று விளங்கவில்லை. வண்டி இந்த நிமிஷம் எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று அந்தப் பெட்டிக்குத் தெரிகிறது. எந்த ஊர் வண்டி என்று மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? பத்து நாளாக ஒரு தடவைகூட மயிலாடுதுறைப் பக்கம் போகாத வண்டியை அங்கே உள்ளது என்று எழுதிவைத்த பெட்டிக்குச் சந்தேகமே வராதா? எனக்கென்றால் வந்திருக்கும்.

கம்பெனிக்குப் போன் போட்டோம். வேறொரு பெண் எடுத்தாள். மனைவி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஊர் தப்பா இருக்குமா. எங்க ஊரு குத்தாலம்" என்றேன்.

"குத்தாலம்னுதான் சார் இருக்கு."

"அந்தக் குத்தாலம் இல்லம்மா. இது தண்ணி விழுத குத்தாலம்."

"சார்?"

"தண்ணி விழும்லா. மேலருந்து. எல்லாரும் குளிப்பாங்க."

"ஃபால்ஸு! ஃபால்ஸு!" என்று மனைவி பக்கத்திலிருந்து கத்தினாள்.

"ஓ, கோர்ட்டாலம்!" என்றாள் அந்தப் பெண்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "கோர்ட்டா? எதுக்கும்மா கோர்ட்டு? தெரியாமச் சொல்லிட்டேன்மா, நான் படிக்காதவன்."

மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். நம்ம ஊருக்கு இங்கிலீஷில் அப்படித்தான் பேர் என்று பிறகு எனக்குச் சொன்னாள். போர்டில் அந்த எழுத்துகளை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அதை இப்படிச் சொல்வார்கள் என்று தெரியாது. மாற்றிவிட்டோம், அரசாங்க சர்வரில் விழ இருபத்துநாலு மணி நேரத்திலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகும் என்று அந்தப் பெண் சொல்லி வைத்துவிட்டாள். இருபத்துநாலு என்றால் வெள்ளி மதியம். நாற்பத்தெட்டு என்றால் சனி மதியம். அந்த மனுஷன் விமான நிலைய வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் நேரம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே ஆபீஸ் மைதானத்தில் வண்டியை நிறுத்தினேன். அரைமணிக்கு ஒருதரம் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றேன். மூன்றாவது தடவை அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "இன்னும் வரல" என்றார். ஐந்தாவது தடவை, "ஏன்யா, நீர் வந்து வந்து நின்னா அது பயந்துட்டு வருமா?" என்றார். நடுவில் புளியங்குடியிலிருந்து மறுபடி போன். "அண்ணே, அஞ்சு மணிக்கு வந்துருவியல்லா? பிள்ள இப்பவே புதுச்சட்டயப் போட்டுக்கிட்டு நிக்கா." வந்துருவேன் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

நாலு மணி தாண்டியிருக்கும். நான் போகவில்லை, அவரே கை காட்டிக் கூப்பிட்டார். "காட்டுது" என்றார்.

யார் சரி செய்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைக்காரர், தான்தான் மேலே பேசியதாகச் சொல்கிறார். கம்பெனியிலிருந்து உங்கள் குறை தீர்க்கப்பட்டது என்று ஒரு செய்தி வந்தது, அதுவும் திங்கட்கிழமை. அன்று இன்ஸ்பெக்டரின் டேப்லெட்டை எட்டிப் பார்த்தேன். என் கண்ணுக்கு ஒன்று உறுத்தியது. மேலே ஊர்ப் பெயர் ஒரு எழுத்தில் தொடங்கியது, கீழே வேறு எழுத்தில்.

"சார், ரெண்டுலயும் ஸ்பெல்லிங்கு வேற வேறயா இருக்கே. மறுபடி இடிக்காதா?"

அவர் டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஒமக்கு எஃப்சி வேணுமா, வேண்டாமா?"

வேணும் என்றேன்.

சனிக்கிழமை புளியரையில், வண்டிக்குள் இருந்த எல்லாக் காகிதங்களையும் மொத்தமாக நான் நீட்டிய வேகத்தில் செக்போஸ்ட்காரர்களுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. மாமி தாழ்ந்த படியில் ஏறினார், இறங்கினார். திருவனந்தபுரத்தில் அந்த மனுஷன் தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். மகளைப் பார்த்ததும் முட்டிபோட்டு உட்கார்ந்து கை நீட்டினார். பிள்ளை அம்மா போர்த்தியிருந்த துப்பட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது. போனில் தினமும் பார்த்த முகம்தான். ஆனால் போனில் இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது.

திரும்பும்போது தென்மலை தாண்டி, "வா மக்கா, வாப்பாட்ட வா" என்று அவர் மெதுவாக இழுத்தார். பிள்ளை வேண்டாம் என்று பின்னால் நகர்ந்து, விழாமலிருக்கக் கைக்கு அகப்பட்டதைப் பிடித்து அழுத்தியது. அது சிவப்புப் பொத்தான்.

மணி எதுவும் அடிக்கவில்லை. சத்தமில்லாததுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. ஆரியங்காவு வந்ததும் போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

"சார், உங்க வண்டில எமர்ஜென்சி பட்டன் அழுத்தியிருக்கு. எல்லாரும் பத்திரமா?" ஓர் ஆண் குரல்.

"பத்திரம் சார். பிள்ள தெரியாம அமுக்கிட்டு. அவங்க அப்பாதான் கூட இருக்காங்க."

"சரி சார். வெரிஃபிகேஷனுக்கு உங்க ஊர் சொல்லுங்க."

பின்சீட்டிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் மூச்சை இழுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொல்வதுபோல, ஒவ்வொரு எழுத்தாக, "குற்-றா-லம்" என்றேன்.

"குத்தாலமா சார்?"

ஆமா என்பதா, இல்லை என்பதா? ஆமா என்று சொல்லித்தான் பத்து நாள் காவேரிக் கரையில் கிடந்தேன். இல்லை என்றால் பொய் சொன்னதாகுமா?

"தண்ணி விழுத ஊரு சார்" என்றேன்.

"தெரியும் சார். சீசன் ஆரம்பிச்சாச்சா? தண்ணி விழுதா இப்ப?"

எங்கள் ஊர்க்காரனிடம் எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் இது அவருடைய கேள்வியா, கணினி கேட்கச் சொன்ன கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை. தப்பாகச் சொல்லி, அது எங்கேயாவது பதிந்து, எதனோடாவது இடித்துவிடக் கூடாதே. கண்ணாடி வழியாக எங்கள் பக்கத்து மலையைப் பார்த்தேன். உச்சியில் மேகம் இறங்கியிருந்தது.

"சாரல் மட்டும் லேசா இருக்கு சார்" என்றேன். "தண்ணி இன்னும் விழல. அப்படியே போட்டுக்கிடுங்க."