நிற்கிற வெள்ளாமையோடு ஒரு கேம் கடை

கேம் கடை வைத்திருக்கிறவனுக்கு விளையாடத் தெரிய வேண்டியதில்லை. காது கேட்டால் போதும், மற்றதையெல்லாம் வருகிறவர்களே சொல்லித் தந்துவிடுவார்கள். சலூன்காரர், தேத்தண்ணிக் கடைக்காரர், பஸ் கண்டக்டர், நீங்களும் இதே வருத்தக்காரர்கள்தான். உங்கள் தொழில் உங்களை விட உங்களிடம் வருகிற ஆட்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆகவே கூச்சமில்லாமல் உங்களிடம் சொல்கிறேன்.

கல்முனையில் பெரிய ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிற இந்த அறையில் நான் முன்பு உழவு மெசின் டயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். முதுகு ஏலாமல் போனதும் மகன் அறையைக் கழுவி, பெயின்ட் அடித்து, கொம்பியூட்டர்களை அடுக்கிக் கேம் கடையாக்கினான். எல்லாம் அடுக்கி முடிந்த மறுகா அவன் கட்டாருக்குப் போய்விட்டான். காசு லாச்சியடியில் இப்போது நான். டயர் ஒட்ட வந்த வெள்ளாமைக்காரர்கள் பழக்கத்தில் இன்னும் வருவார்கள். அவர்களுக்கென்றே மகன் ஒரு விவசாய விளையாட்டை ஏற்றி வைத்தான். அதில் உதைக்கப் பந்துமில்லை, சுடத் துவக்குமில்லை. உழ வேண்டும், விதைக்க வேண்டும், வெட்டு மெசின் ஓட்டி அறுக்க வேண்டும். எல்லாம் நிசம் போலவே இருக்கும். கடையில் உள்ள எல்லாரும் ஒரே காணிக்குள் இறங்கலாம். ஒருவர் உழுதால் மற்றவரின் திரையிலும் மண் புரளும்.

மகன் போனில் சொல்வான்: "வாப்பா, ஆடுறவங்க என்ன சொல்றாங்க எண்டு கேட்டு அனுப்புங்க. நல்லதோ கெட்டதோ, கருத்து எழுதுறதுக்கு அதுல இடம் இரிக்கி." நான் காதில் விழுந்ததைப் போனில் பேசி அனுப்புவேன், அவன் எழுதிப் போடுவான்.

இப்படி இருக்கும்போதுதான் கட்டடத்துச் சொந்தக்காரர் ஹாஜியார் ஒருநாள் வாசலில் வந்து நின்றார். சம்மாந்துறைப் பக்கம் நிறையக் காணி உள்ள போடியார். நல்ல மனிசன், ஆனால் சொன்னால் சொன்னதுதான். "டயர் ஒட்டுறதுக்குத்தான் உனக்கு அறை தந்தன், பொய் வெள்ளாமை செய்யிறதுக்கு இல்ல. பெரும்போக வெட்டு முடிய அறையப் பூட்டித் திறப்பத் தந்திரு. அபாயாக் கடை போட ஆள் இரிக்கி" என்றார். மகனின் உழைப்பெல்லாம் இந்த அறைக்குள்தான் இருக்கிறது. அவனிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் போகம் ஊரெல்லாம் கதிர் பழுக்கிறதைப் பார்த்துச் சந்தோசப்பட்டது, நான் மட்டும் வயல் மஞ்சளாக மஞ்சளாக நாளை எண்ணிக்கொண்டு திரிந்தேன்.

வரம்பில்லாத காணி

கணேசன் காரைதீவிலிருந்து வருகிறவர். என்னை விட வயது குறைவு, ஆனாலும் வெள்ளாமையில் பெரிய ஆள். நெற்றியில் திருநீறு காயும் முன்பே கடைக்கு வந்துவிடுவார். முதல்நாள் அவரை அந்த விளையாட்டில் இருத்தினேன். மெசினில் ஏறவில்லை. காணியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பக்கத்தில் இருந்தவர்கள், "ஏறுங்கண்ணே, நேரம் போகுது" என்று கத்தினார்கள். அவர் காதில் ஏறவில்லை.

"என்னத்தத் தேடுறீங்க கணேசன்?" என்றேன். "வரம்பத் தேடுறன் காக்கா" என்றார். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவது. அது மழையை நம்பிக் கோதுமை விதைக்கிற வெளிநாட்டுக் காணி, வரம்பு கட்டத் தேவையில்லை, பக்கத்துக் காணி அங்கால ரோட்டுக்கு அப்புறம்தான் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டார்.

"வரம்பச் செதுக்கித் தன்ட பக்கம் சேர்க்கிற ஒருத்தன் இல்ல, வாய்க்கால மறிச்சுத் தண்ணி களவெடுக்கிற ஒருத்தன் இல்ல. இது காணி இல்ல காக்கா, மேலோகம். எனக்கு அங்க போறதுக்கு இன்னும் அவசரமில்ல."

யானைக்குக் காவல்

மீராசாவின் சொந்த வயல் காட்டோரம். போன போகம் கதிர் முற்றுகிற நேரம் யானைகள் வந்து மிதித்துவிட்டுப் போயின. அந்த ஆளைத்தான் இந்த விளையாட்டுக்கு முன்னால் இருத்தினேன். அதில் ஒரு வசதி இருக்கிறது. இரவு வந்தால் வீட்டுக்குள் போய் நித்திரை கொள்ளலாம். பொத்தானை அமத்தினால் விடிந்துவிடும், பயிரும் வளர்ந்து நிற்கும். எல்லாரும் அமத்துவார்கள். மீராசா அமத்தமாட்டார். மெசினைக் காணி ஓரத்தில் நிறுத்தி, லைட்டைப் பற்றைக்காட்டுப் பக்கம் அடித்து, இடைக்கிடை ஹோர்னும் அடித்துக்கொண்டு, கையைக் கட்டியபடி இருப்பார். குந்தி விளையாடக் கதிரை காலியாகட்டும் என்று காத்திருக்கிறவர்கள் என்னிடம் வந்து முறையிடுவார்கள்.

"மீராசா, அந்த நாட்டில யானையே இல்ல" என்றேன். "ஆர் சொன்ன? யானையா உங்களுக்கிட்டச் சொல்லிச்சு?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துத் திரையில் பற்றைக்குள்ளிருந்து ஒரு மான் ஓடிவந்தது. கடையே கூச்சலிட்டது. ஒருவர் தேத்தண்ணியை மடியில் ஊற்றிக்கொண்டார். மீராசா மட்டும் ஆடவில்லை, அசையவில்லை. என் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"மான் வந்த வழி யானைக்குத் தெரியாதெண்டா காக்கா நினைக்கீங்க?"

வட்டையில நிக்கிறன்

வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். ஹனீபா தன் வீட்டில், "வட்டைக்குப் போறன், தண்ணி பார்க்க" என்று சொல்லிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, மண்வெட்டியையும் தோளில் வைத்துக்கொண்டு நேரே என் கடைக்கு வருவார். மண்வெட்டி கதவு மூலையில், ஆள் கதிரையில். பெண்சாதி போன் எடுத்தால் வாய் கூசாமல், "வட்டையில நிக்கிறன் புள்ள" என்பார். பின்னால் உழவு மெசின் சத்தம் நிசமாகவே கேட்கும். அந்த விளையாட்டை ஆக்கினவர்களை அவர் பாராட்டின பாராட்டு அந்தச் சத்தத்துக்குத்தான். "சத்தத்துக்கு முழு மார்க்ஸ் போடச் சொல்லுங்க காக்கா" என்று மகனுக்குச் சொல்லியனுப்பினார்.

ஒருநாள் அவர் வட்டையில் நிற்கும்போதே பெண்சாதி சபீனா கடை வாசலில் நின்றா. மருதமுனையில் பிறந்தவ, கண்ணும் கூர், வாயும் கூர். எப்படி அறிந்தா என்று கேட்டேன். "வட்டைக்குப் போய் வாற மனிசன்ட காலில ஒரு நாளாவது சேறு இரிக்க வேணாமா?" என்றா. உள்ளே ஹனீபா தண்ணிக் குழாயைப் பிடித்து மெசினைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த விளையாட்டில் அழுக்கான மெசினைக் கழுவித்தான் வைக்க வேண்டும். சில்லு, சில்லுக்கு அடி, கண்ணாடி என்று பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரிக் கழுவினார். சபீனா சத்தம் போடவில்லை. கழுவி முடியும்வரை பின்னால் நின்று பார்த்துவிட்டு, என்னிடம்தான் கேட்டா.

"வீட்டில திண்ட கோப்பையக் கழுவாத மனிசன் காக்கா. நான் நாலு சட்டியக் கொண்டாந்து தந்தா, அதையும் இந்தப் பெட்டிக்குள்ள போட்டுடுவீங்களா?"

பத்தில் ஒன்று

யானை வராமலே மீராசாவின் கோதுமை விளைந்தது. வெட்டு மெசினால் அறுத்துப் பெட்டியில் ஏற்றினார். விற்கக் கொண்டுபோகிற வழியில் மெசினை நிறுத்தி, ஒரு பகுதியை ரோட்டோரத்தில் கொட்டினார். "விழுந்திட்டு, விழுந்திட்டு" என்று எல்லாரும் கத்தினார்கள். "விழல்ல, நான்தான் கொட்டினன். சகாத்" என்றார். ஏழைக்குள்ள பங்கைப் பிரிக்காமல் ஒரு மணியும் விற்கமாட்டாராம். அந்தக் காணியில் ஏழையே இல்லையே என்றதற்கு, "வருவான். விளைச்சல் கண்டா வராம இருப்பானா?" என்று சொல்லிவிட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் ஆளுக்காகக் காத்து நின்றார்.

அதிலே வழக்கு எழும்பியது. குவியல் பத்தில் ஒன்றா, இருபதில் ஒன்றா? ஹனீபா இருபது என்றார். வேறொருவர் இரண்டுமில்லை என்றார். அந்த நேரம்தான் ஹாஜியார் எனக்குத் தவணையை ஞாபகப்படுத்த வந்து வாசலில் நின்றிருக்கிறார். நான் காணவில்லை. "அந்தக் காணிக்குத் தண்ணி எங்கால?" என்று ஒரு குரல் அதட்டியது. எல்லாரும் எழும்பிவிட்டோம். "மழைதான் ஹாஜியார்" என்றார் மீராசா. "இறைச்சு ஊத்தினாத்தான் இருபது. மழைக்குப் பத்தில ஒண்டு. இதென்ன, கோழிக்குத் தூவினாப்போல? இன்னும் கொட்டு." மீராசா கொட்டினார். ஹாஜியார் கிட்ட வந்து, குனிந்து, குவியலைக் கண்ணால் அளந்தார். பிறகுதான் தான் எங்கே நிற்கிறார் என்பது விளங்கியிருக்க வேண்டும். தொப்பியைச் சரியாக்கிக்கொண்டு வெளியே நடந்தவர், வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"பொய்க் காணிக்குச் சகாத் கடமையில்ல, விளங்கிச்சா? ஆனா கொட்டினது இன்னும் காணாது."

வெட்டு முடியவில்லை

பெரும்போகம் முடிந்தது. வெட்டு மெசின்கள் பெரிய லொறிகளில் ஏறி ஊரைக் கடந்து போயின. வட்டையில் வைக்கோல்தான் மிச்சம். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஹாஜியார் வந்தார். நான் திறப்பைச் சேட்டுப் பையிலிருந்து எடுத்துவிட்டேன். மகனுக்கு அன்றிரவு என்ன சொல்வது என்பதுதான் தலைக்குள் ஓடியது. கடையில் ஒவ்வொருவராக விளையாட்டை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் திரும்பினார்கள்.

மீராசா மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "ஹாஜியார், ஒரு மசாலா, மார்க்கத்தில ஒரு கேள்வி. நிக்கிற வெள்ளாமையோட ஒருத்தன காணிய விட்டு எழுப்ப ஏலுமா?" எங்கள் பக்கத்தில் இதில் இரண்டு கதை இல்லை. குத்தகைக்காரன் எவ்வளவு பொல்லாதவனாக இருந்தாலும், கதிர் நிற்கும்போது அவனை வெளியேற்றக் கூடாது. வெட்டி ஏற்றின பிறகுதான் காணிக்காரன் வாய் திறக்கலாம். வட்டையில் இப்படிப் பிணக்கு வந்தால் தீர்ப்புச் சொல்கிறதே ஹாஜியார்தான். "ஏலா. அது ஹறாம்" என்றார், யோசிக்காமல். மீராசா திரையை அவர் பக்கம் திருப்பினார். கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மஞ்சள். காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"இது பொய் வெள்ளாமை" என்றார் ஹாஜியார், சத்தம் கொஞ்சம் இறங்கி. கணேசன் மெதுவாகச் சொன்னார்: "அண்டைக்கு இந்த வெள்ளாமைக்குத்தானே ஐயா, பத்தில ஒண்டு கொட்டச் சொன்னீங்க?" ஹாஜியார் அவரைப் பார்த்தார். மீராசாவைப் பார்த்தார். என் கையில் இருந்த திறப்பைப் பார்த்தார், ஆனால் வாங்கவில்லை. "சரி. அப்ப வெட்டி முடிப்பம். எழும்பு" என்று மீராசாவை எழுப்பிவிட்டுத் தானே குந்தினார். சொந்தமாக இரண்டு வெட்டு மெசின் வைத்திருக்கிற மனிசன், ஒருநாளும் அதில் ஏறி இருந்தவரில்லை. வெள்ளைச் சாரத்தோடு வரம்பில் குடை பிடித்து நின்றுதான் பழக்கம். எடுத்த எடுப்பில் மெசினை ஒரு மரத்தில் கொண்டுபோய்ச் சாத்தினார். "மரத்த ஆரு இதுக்குள்ள நட்ட?" என்று எங்களை ஏசினார்.

அன்றிலிருந்து அஸருக்குப் பின் ஹாஜியாருக்கு என் கடையில்தான் வேலை. கிழக்குப் பக்கத்தால் அவர் வெட்டிக்கொண்டு வருவார், மேற்குப் பக்கத்தால் கணேசன் விதைத்துக்கொண்டு போவார். அவர் அதைக் காணக்கூடாதே என்று நான் தேத்தண்ணிக் கோப்பையோடு குறுக்கே குறுக்கே நிற்பேன். நேற்று கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, என் சேட்டைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் சொன்னார்.

"தள்ளி நில்லு காக்கா, மறைக்குது. பின்னால ஒருத்தன் விதைச்சுக்கொண்டு வாறது எனக்குத் தெரியும். நான் தெரியாத மாதிரி வெட்டுறன், நீ தெரியாத மாதிரி நில்லு. அபாயாக் கடைக்காரன் வந்தா, ஹாஜியாருக்கு வெட்டு இன்னும் முடியல்ல எண்டு சொல்லு."

ஆகவே வாடகை அறையில் பிழைக்கிற சகோதரங்களே, கடைக்குள் எதையாவது விதைத்து வையுங்கள், எழுப்ப வருகிறவர் வெட்டக் குந்திவிட்டால் அவரை எழுப்புகிறதுதான் பிறகு உங்களுக்குப் பெரும்பாடு.